தாடை போச்சு என்றால் என்ன போச்சு?

கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் எழுதியிருக்கிறார். விடுதி அறையில் ஒரு வருடமாகத் தீராத சண்டையாம். குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த எம்எம்ஏ கூண்டுச் சண்டையில், 2023 அக்டோபரில் மகச்சேவ் தலையில் உதைத்து வோல்கனாவ்ஸ்கியை வீழ்த்தினார், நான்கே மாதத்தில் டொபூரியா வலது கைக் குத்தில் சாய்த்தார், ஆகவே "தாடை போச்சு, ஆள் முடிஞ்சாச்சு" என்பது ஒரு கட்சி. அதே ஆள் 2025 ஏப்ரலில், 36 வயதில், டியாகோ லோபஸோடு ஐந்து சுற்றும் நின்று எம்எம்ஏ சண்டைகளை நடத்தும் யுஎஃப்சி கம்பெனியின் ஃபெதர்வெயிட் எடைப் பிரிவுப் பட்டத்தைத் திரும்ப வாங்கினாரே, போன தாடை எந்த பஸ்ஸில் திரும்பி வந்தது என்பது எதிர்க்கட்சி. "சார், தாடைங்கிறது எலும்பா, மூளையா, மனசா? போனா வருமா?" என்று முடித்திருக்கிறார்.

எலும்பு இல்லை. 1973 இல் குத்துச்சண்டையில் கென் நார்ட்டனிடம் தாடை எலும்பே உடைந்த பிறகும் முகமது அலி 12 சுற்றையும் நின்று முடித்தார். எம்எம்ஏ ரசிகர்கள் தாடை என்று சொல்வது, அடி வாங்கியும் நினைவு தப்பாமல் நிற்கும் திறனை. அது தாடையில் இல்லை. பிறகு ஏன் எல்லாரும் தாடையையே குறிவைக்கிறார்கள்? அங்கே ஒரு வர்மப் புள்ளி இருக்கிறது, தட்டினால் ஆள் சாய்வான் என்று நம்மூரில் ஒரு விளக்கம் சுற்றுகிறது. புள்ளியெல்லாம் வேண்டாம், கதவு போதும். கீல் பக்கம் தள்ளினால் கதவு அசையாது, தாழ்ப்பாள் பக்கம் ஒரு விரலால் தள்ளினாலே திறக்கும். தலைக்குக் கீல் கழுத்து, தாழ்ப்பாள் முகவாய். பத்தாம் வகுப்பில் படித்த விசையின் திருப்புத்திறன்தான், வேறொன்றுமில்லை. நெற்றியில் விழும் குத்து தலையைப் பின்னால் தள்ளும், முகவாயின் ஓரத்தில் விழும் ஹூக், அதாவது பக்கவாட்டில் வளைத்து வீசும் குத்து, அதே தலையைச் சுழற்றும். அந்தச் சுழற்சிதான் வில்லன்.

எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான் வருகிறது, கொஞ்சம் பொறுமை வேண்டும். வீட்டில் நன்றாக உறைந்த தயிர்ச் சட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் (அம்மாவிடம் கேட்டுவிட்டு). மேடை மேல் வைத்து நேராக மெதுவாகத் தள்ளுங்கள், தயிருக்கு ஒன்றும் ஆகாது. இப்போது சட்டியை இரண்டு கையாலும் பிடித்துச் சட்டென்று ஒரு திருகு திருகுங்கள். சட்டி சுற்றிவிடும், ஓரத்துத் தயிர் அதோடு சுற்றப் பார்க்கும், நடுவில் இருப்பது இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும், இரண்டுக்கும் நடுவே வெட்டு விழும்.

மூளைக்கும் இதேதான் நடக்கிறது என்று முதலில் தெளிவாகச் சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஹோல்பர்ன் என்ற இயற்பியலாளர். இரண்டாம் உலகப் போர்க் காலம். ராணுவத்தில் கடிதம் கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள்காரர்கள் தலையில் அடிபட்டுச் சாவது அங்கே பெரிய பிரச்சினையாக இருந்தது. அவர் மூளைக்குப் பதிலாக ஜெலட்டினை வைத்து, அதைத் திருகித் திருகிப் பார்த்து, 1943 இல் எழுதினார்: நேர்க்கோட்டுத் தள்ளலை விடச் சுழற்சிதான் மூளையைக் கிழிக்கிறது. கையில் இருந்தது ஜெலட்டினும் பிளஸ் ஒன் அளவு இயற்பியலும்தான். இன்று கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்யும் கணினி மாதிரிகள் அவர் சொன்ன திசையிலேயே போகின்றன என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் புல்லரிக்கிறது.

ஏன் சுழற்சி? பிளஸ் ஒன்னில் பருமக் குணகம், விறைப்புக் குணகம் என்று இரண்டு வந்ததே, மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து மறந்த அதே இரண்டுதான். மூளையை எல்லாப் பக்கமும் அமுக்கிச் சுருக்குவது தண்ணீரைச் சுருக்குவது மாதிரி, பருமக் குணகம் ஏறக்குறைய 200 கோடி பாஸ்கல், அசையவே அசையாது. ஆனால் ஒரு அடுக்கை அடுத்த அடுக்கின் மேல் சறுக்கவிடப் பார்த்தால் விறைப்புக் குணகம் வெறும் சில ஆயிரம் பாஸ்கல். சுருக்குவதை விடச் சறுக்கவைப்பது கிட்டத்தட்ட பத்து லட்சம் மடங்கு சுலபம். மண்டையோட்டுக்குள் நீரில் மிதந்துகொண்டு 1.4 கிலோ தயிர். இதைத் தூக்கிக்கொண்டுதான் கூண்டுக்குள் போகிறார்கள்.

வெட்டு எங்கே விழுகிறது? ஒரு நியூரானிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் மெல்லிய கம்பிகளான ஆக்ஸான்களில். இவை ஜவ்வு மிட்டாய் ஜாதி. ஜவ்வு மிட்டாயை மெதுவாக இழுத்தால் மிட்டாய்க்காரர் கையில் கடிகாரமாகும், மயிலாகும், எவ்வளவு வேண்டுமானாலும் நீளும். வெடுக்கென்று இழுத்தால் ஒடியும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆய்வகத் தட்டில் வளர்த்த ஆக்ஸான்களை இழுத்துப் பார்த்திருக்கிறார்கள்: மெதுவாக இழுத்தால் இரண்டு மடங்கு நீண்டும் பழைய நிலைக்குத் திரும்புகின்றன, கண் சிமிட்டுவதற்குள் இழுத்தால் உள்ளே சரக்கு கொண்டுபோகும் நுண்குழல்கள் உடைந்துபோகின்றன. தண்டவாளம் பெயர்ந்த ரயில் பாதை மாதிரி, சரக்கு அங்கங்கே தேங்கி, கம்பி வீங்குகிறது. ஆக்ஸான் உடனே அறுவதில்லை. சில மணி நேரமோ சில நாளோ கழித்து அறுகிறது. ரசிகர்கள் பார்த்தது ஒரு நொடி, சேதம் முடிவது அடுத்த வாரம்.

அந்த ஒரு நொடியிலும் நிறைய நடக்கிறது. இழுபட்ட சவ்வில் வாய்க்கால்கள் திறந்து பொட்டாசியம் வெளியே, சோடியமும் கால்சியமும் உள்ளே. விழிப்பைக் காக்கும் மூளைத்தண்டுப் பகுதி தடுமாறினால் ஆள் மேடையில் விழுவதற்கு முன்பே "இல்லை". விழுந்தவரின் கை அந்தரத்தில் விறைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அது வீரமல்ல, மூளைத்தண்டு தானாகச் செய்வது. அப்புறம் அயனிகளைப் பழைய இடத்துக்கு இறைத்துவிட பம்புகள் முழு மூச்சில் ஓடுகின்றன, அதற்கு குளுக்கோஸ் வேண்டும், பார்த்தால் அதே நேரத்தில் ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது. கோடையில் மோட்டாரைப் போட்ட நேரம் கரன்ட் போன கதை. அதன்பின் மூளையே தன் குளுக்கோஸ் செலவைச் சுருக்கிக்கொள்கிறது; எலிகளில் இந்த மந்தம் ஏழு முதல் பத்து நாள், மனிதரில் இன்னும் நீளும். இந்த நாட்களில் இன்னொரு குத்து விழுந்தால் சின்னக் குத்தே போதும். நாக் அவுட் ஆனவரைச் சில வாரங்களாவது பயிற்சியில்கூடத் தலையில் அடி வாங்கக் கூடாது என்று தடை போடுவது இதனால்தான். ஆனால் ஜிம்முக்குள் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

சரி, வயது எங்கே வருகிறது? யுஎஃப்சி சண்டைக்காரர் சக் லிடெலை எடுத்துக்கொள்வோம். 2005 முதல் 2007 வரை லைட் ஹெவிவெயிட் சாம்பியன், கையைத் தாழ்த்திக்கொண்டு பின்வாங்கிப் பின்வாங்கி எதிராளியின் குத்துக்குப் பதில் குத்துப் போடுவதுதான் அவர் பிழைப்பு. 2007 இல் ஜாக்சன், 2008 இல் ரஷாத் எவன்ஸ், 2009 இல் ஷோகுன், 2010 இல் ஃபிராங்க்ளின் என்று வரிசையாகக் கீழே போட்டார்கள். எவன்ஸ் சண்டையைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்: லிடெல் கீழிருந்து மேலே ஏற்றும் அப்பர்கட் குத்தைப் போட முன்னால் வந்துகொண்டிருக்கிறார், அதே கணத்தில் எவன்ஸின் வலது கை வந்து சேர்கிறது, இரண்டு உந்தமும் ஒரே முகவாயில் மோதுகின்றன. லிடெல் அதைப் பார்க்கவே இல்லை.

பார்ப்பதுதான் பாதித் தாடை. குத்து வருவது தெரிந்தால் கழுத்துத் தசை இறுகும், அப்போது அடி வாங்குவது ஐந்து கிலோ தலை மட்டுமல்ல, அதோடு கட்டப்பட்ட உடம்பும் சேர்ந்து, ஆகவே கோண முடுக்கம் குறையும். தெரியாவிட்டால் தலை தனியாகச் சுழலும். நல்ல சண்டைக்காரர் முஷ்டியைப் பார்ப்பதில்லை, முஷ்டி கிளம்பிய பிறகு பார்த்தால் நேரம் போதாது. தோளையும் இடுப்பையும் படித்து முன்கூட்டியே ஊகிக்கிறார். முப்பதைத் தாண்டினால் இந்த வேலையில் சில மில்லி நொடிகள் கூடுகின்றன, வேகத் தசை நார்களும் மெல்லக் குறைகின்றன. நமக்கு அது ஒரு பொருட்டே இல்லை, சில மில்லி நொடியில் பஸ்ஸைத் தவறவிட மாட்டோம். கூண்டுக்குள் அது இறுகிய கழுத்துக்கும் இறுகாத கழுத்துக்கும் உள்ள வித்தியாசம்.

77 கிலோவும் அதற்குக் கீழும் உள்ள பிரிவுகளில் 35 தாண்டியவர்கள் பட்டச் சண்டையில் தோற்றுக்கொண்டே இருந்ததை ரசிகர்கள் "35 சாபம்" என்றார்கள். ஜாதகத்தில் 35 இல் கண்டம் என்பது மாதிரி. சாபமும் இல்லை கண்டமும் இல்லை. எடை குறைந்த பிரிவுகளில் வேகம்தான் எல்லாம், அது முதலில் போகிறது, அவ்வளவுதான் என்பது என் கருத்து. எடை கூடிய பிரிவுகளுக்குப் போனால் கதை மாறுகிறது: ராண்டி கூட்டூர் 43 வயதில் ஹெவிவெயிட் பட்டம் வாங்கினார், குளோவர் டெஷெய்ரா 42 வயதில் பிளாஹோவிச்சைத் தரையில் கிடத்திக் கழுத்தை நெரித்து பட்டம் வாங்கினார். மல்யுத்தமும் பிடியும் தெரிந்தவர் முஷ்டிகளுக்கு நடுவே நிற்கவேண்டிய நேரத்தைக் குறைத்துக்கொள்கிறார். வயதானவர் யாரோடு மோதுகிறார் என்பது வயதை விட முக்கியமாக இருப்பது இதனால்தான்.

இங்கேதான் வோல்கனாவ்ஸ்கிக்குத் "தாடை போச்சு" என்ற முதல் கட்சிக்காரர்கள் கோட்டை விடுகிறார்கள். அவரைச் சாய்த்த டொபூரியா 2024 அக்டோபரில் மேக்ஸ் ஹாலோவேயையும் சாய்த்தார், அதுவரை யாருமே நாக் அவுட் செய்திராத ஹாலோவேயை. 2025 ஜூனில் ஒலிவேராவையும். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் தாடை போயிருக்குமா, அல்லது எதிரே இருந்த கை அப்படியா? இரண்டு வாரம்கூட அவகாசமில்லாமல் வோல்கனாவ்ஸ்கி மகச்சேவோடு மோத ஒப்புக்கொண்டது தனிக் கதை. டொபூரியாவிடம் விழுந்த பிறகு வோல்கனாவ்ஸ்கி 14 மாதம் சண்டையே போடவில்லை. அந்த 14 மாதம்தான் காப்பாற்றியது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், ஒரே ஒரு ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

நிரூபிக்க ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும், வருடக்கணக்கில் பின்தொடர வேண்டும், காசு வேண்டும். "குத்து வாங்கி மந்தமானவர்" என்ற நோயை மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1928 இலேயே எழுதிவிட்டார். உயிரோடிருக்கும் சண்டைக்காரர்களை வருடாவருடம் ஸ்கேன் எடுத்துப் பார்க்கும் பெரிய ஆய்வு லாஸ் வேகஸில் கிளீவ்லண்ட் கிளினிக்கில் தொடங்கியது 2011 இல். நடுவில் 83 வருடம். அந்த ஆய்வுக்கு யுஎஃப்சி 2016 இல் 10 லட்சம் டாலர் தந்தது, நல்ல விஷயம், கைதட்டலாம். அதே 2016 இல் யுஎஃப்சி சுமார் 400 கோடி டாலருக்குக் கைமாறியது என்பதையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு கைதட்டுங்கள். குத்து விற்கும் கம்பெனியின் தயவில் குத்தைப் பற்றிய ஆராய்ச்சி நடப்பது எனக்குப் பிடிக்கவில்லை, அரசுப் பணம்தான் இதற்குச் சரி.

ஆனாலும் அந்த ஆய்வில் உருப்படியானவை கிடைத்தன. அதிகம் சண்டை போட்டவர்களின் மூளையில் தலாமஸ் போன்ற உள்பகுதிகள் சிறுத்திருந்தன. திருகிய தயிரில் நடுப்பகுதி படும் பாடு ஞாபகம் இருக்கட்டும். 2023 இல் வெளியான இன்னொரு முடிவு மாணவரின் கடைசிக் கேள்விக்கு நேராகவே வருகிறது. சண்டையை விட்டவர்களையும் தொடர்ந்து போடுகிறவர்களையும் சில ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை சோதித்தார்கள். விட்டவர்களின் நினைவாற்றலும் வேகமும் சற்றே ஏறியிருந்தன, ஆக்ஸான் சேதத்தைக் காட்டும் ஒரு புரதம் ரத்தத்தில் குறைந்திருந்தது. தொடர்ந்தவர்களுக்கு அந்த ஏற்றம் இல்லை.

ஆகவே தம்பி, பம்புகள் மீளும், வீக்கம் வடியும், ஓய்வு கொடுத்தால் அதெல்லாம் திரும்ப வரும், எதிர்க்கட்சிக்கு அந்த அளவுக்கு மதிப்பெண் போடலாம். அறுந்த ஆக்ஸான் திரும்ப முளைக்காது, வயதில் போன அந்தச் சில மில்லி நொடிகளும் வராது. லிடெல் எட்டு வருட ஓய்வுக்குப் பிறகு 2018 நவம்பரில், 49 ஆவதற்குச் சில வாரம் முன்பு, முன்பு இரண்டு முறை நாக் அவுட் செய்த டிட்டோ ஆர்டிஸோடு மீண்டும் கூண்டுக்குள் போனார். முதல் சுற்றையே தாண்டவில்லை.