அழகும் பலமும் கண்ணாடியின் மேல்தோலில்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் புதிதாகக் கட்டும் வீடுகளில் பூஜை அறைக் கதவுக்குக் குத்துவிளக்கோ மயிலோ பொறித்த கண்ணாடி போடுவது வழக்கமாகிவிட்டது. குளியலறைத் தடுப்பு, மாடிப்படிக் கைப்பிடி, அடுப்புக்குப் பின்சுவர் என்று மற்ற இடங்களுக்கும் கண்ணாடி வந்துவிட்டது. அந்த மயிலின் வெண்மை, அந்தக் கதவின் பலம் இரண்டுமே கண்ணாடியின் மேல்தோலில்தான் இருக்கின்றன. ஒன்றுக்காக வேலை செய்யும்போது மற்றது கெட்டுப்போவதற்கும் அதுவே காரணம்.

கண்ணாடி மேல் ஸ்டிக்கர் ஒட்டி, டிசைன் வரவேண்டிய இடத்தை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு, அலுமினியம் ஆக்சைடு துகளைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சுவார்கள். இதுதான் சாண்ட் பிளாஸ்டிங். (பெயரில் மணல் இருந்தாலும் ஆற்று மணலைப் பீய்ச்சக் கூடாது, அதன் சிலிக்கா தூசி வேலை செய்பவரின் நுரையீரலை அழித்துவிடும்.) துகள் பட்ட இடமெல்லாம் நுண்ணிய பள்ளங்கள் விழுகின்றன. ஒவ்வொரு பள்ளமும் ஒளியை ஒவ்வொரு பக்கம் திருப்பிவிடுவதால் அந்த இடம் வெள்ளையாகத் தெரிகிறது. மேற்கு ஜன்னலில் சாதா கண்ணாடி இருந்தால் மாலை வெயில் தரையில் கட்டமாக விழும். பொறித்த கண்ணாடி அதே வெளிச்சத்தை அறை முழுக்கப் பரப்பிவிடும். ஆனால் வெப்பம் பெரிதாகக் குறையாது. அதற்கு வெளியே நிழல்தான் வேண்டும்.

பொறித்த பக்கத்தில் தண்ணீர் பட்டால் வெண்மை மங்கி, உள்ளே இருப்பது தெரியத் தொடங்கும். ஒளிவிலகல் எண் காற்றுக்கு 1.00, கண்ணாடிக்கு 1.52, தண்ணீருக்கு 1.33. பள்ளத்தில் காற்று இருக்கும்வரை வித்தியாசம் பெரிது, ஒளி நன்றாகச் சிதறும். தண்ணீர் நிரம்பினால் வித்தியாசம் சுருங்கிவிடும். எண்ணெய் கண்ணாடிக்கு இன்னும் நெருக்கம் (சுமார் 1.47), விளக்கேற்றிய கையால் தொட்டால் கறுப்புத் திட்டு நிற்பது அதனால்தான். ஆகவே குளியலறைத் தடுப்பில் பொறித்த பக்கம் ஷவருக்கு எதிர்ப்புறம், ஈரம் படாத பக்கம் இருக்கட்டும். பூஜைக் கதவில் விளக்குப் புகை படாத வெளிப்பக்கம் வைத்து, பிடிக்கத் தனியாகக் கைப்பிடி கொடுங்கள்.

அடுத்தது பலம். டஃபன் கண்ணாடி என்று கடையில் கேட்பது, சாதா கண்ணாடியையே சுமார் 620 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, இரு பக்கமும் குளிர்காற்றை வேகமாக ஊதித் தயாரிப்பது. தோல் முதலில் இறுகிவிடும். உட்பகுதி பிறகு குளிர்ந்து சுருங்கும்போது, ஏற்கெனவே இறுகிய தோலை உள்ளே இழுக்கும். இப்படித் தோல் அழுத்தத்திலும் நடுப்பகுதி இழுவிசையிலும் நிரந்தரமாக நின்றுவிடுகின்றன. கண்ணாடி உடைவது தோலில் உள்ள சிறு கீறல் விரியும்போதுதான். அழுத்தம் அந்தக் கீறலை மூடியே வைத்திருப்பதால் நான்கைந்து மடங்கு பலம் கிடைக்கிறது.

அழுத்தத்தில் இருக்கும் தோல், மொத்தத் தடிமனில் ஒரு பக்கத்துக்கு ஐந்தில் ஒரு பங்குதான். 10 மி.மீ. கதவில் அது 2 மி.மீ. மட்டுமே. சிற்பம் போல ஆழமாகக் குடையும் வேலை அந்தத் தோலைத் தாண்டினால், மொத்தக் கதவும் அரிசி அரிசியாக நொறுங்கிவிடும். எனவே அளவுக்கு வெட்டுவது, ஓரம் தேய்ப்பது, துளை போடுவது, ஆழமாகக் குடைவது எல்லாம் டஃபன் செய்வதற்கு முன்பே முடிய வேண்டும். லேசான சாண்ட் பிளாஸ்டிங்கைப் பிறகு செய்தாலும் பலம் கொஞ்சம் குறையும். துளையின் விட்டம் தடிமனுக்குக் குறையக் கூடாது. துளைக்கும் ஓரத்துக்கும் இடையே தடிமனைப் போல் இரண்டு மடங்காவது விடுங்கள். கீல் இடம் அரை அங்குலம் தவறினால் கதவையே புதிதாகச் செய்ய வேண்டியதுதான், ஆசாரியும் கண்ணாடிக்காரரும் ஒன்றாக நின்று அளவெடுப்பது நல்லது.

கீலைத் தேர்ந்தெடுக்க எடை தெரிய வேண்டும்: ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மி.மீ. தடிமனுக்கு இரண்டரை கிலோ. ஏழு அடிக்கு இரண்டரை அடி, 10 மி.மீ. கதவு சுமார் 40 கிலோ வரும். கைப்பிடிச் சுவருக்கு டஃபன் மட்டும் போதாது. உடைந்தாலும் துண்டுகளைப் பிடித்து வைத்திருக்கும் நடுப்படலம் கொண்ட லேமினேட்டட் கண்ணாடியையே கேளுங்கள்.

பராமரிப்பில் நம் ஊருக்கென்றே உள்ள தொல்லை போர் தண்ணீர். உப்பு குறைந்த சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் வரும் வீட்டில் ஷவர் கண்ணாடி வருடக்கணக்கில் பளிச்சென்று இருக்கும். போர் தண்ணீர் வீட்டில் சில வாரங்களிலேயே வெள்ளை பூத்துவிடும். அது கால்சியம் கார்பனேட். வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து, துணியை நனைத்து பத்து நிமிடம் ஒட்டவைத்தால் கரையும். மாதக்கணக்கில் விட்டால் ஈரம் கண்ணாடியிலுள்ள சோடியத்தை இழுத்து மேல்பரப்பையே அரித்துவிடும், அந்தக் கறை எதற்கும் போகாது. குளித்ததும் வைப்பரால் ஒரு இழுப்பு இழுத்துவிடுங்கள்.

முகம் பார்க்கும் கண்ணாடி, பின்பக்கம் பெயின்ட் அடித்த லாக்கர் கண்ணாடி இவற்றை ஒட்டும்போது சிலிக்கான் டியூபை மோந்து பாருங்கள். வினிகர் நெடி அடித்தால் அது வேண்டாம். அந்த அமிலம் பின்பூச்சைத் தின்று, ஓரத்திலிருந்து கறுக்க வைக்கும். நியூட்ரல் சிலிக்கான் என்று கேட்டு வாங்குங்கள்.