பழைய ஃபியாட் 500 வாங்கப் போகிறீர்களா? முதலில் கீழே குனிந்து பாருங்கள்

பழைய கார்களை வாங்குவதற்கு முன் சோதித்துச் சொல்வதும், வாங்கியபின் பழுது பார்ப்பதும் என் தொழில். சின்ன இத்தாலியக் கார் மீது ஆசைப்பட்டு வருகிறவர்களில் பெரும்பாலானோர் கேட்பது ஃபியாட் 500-ஐத்தான். அவர்களுடைய முதல் கேள்வியும் பெரும்பாலும் ஒன்றுதான்: "எஞ்சின் எப்படி இருக்கு?"

எஞ்சினை விடுங்கள். இரண்டே சிலிண்டர், காற்றிலேயே குளிரும் எஞ்சின் அது. ரேடியேட்டரும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. பின்பக்கமாகக் கழற்றி எடுத்துவிடலாம், உதிரி பாகங்கள் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன. எப்பேர்ப்பட்ட எஞ்சினையும் பிரித்துச் சரிசெய்து ஓட வைத்துவிடலாம். பர்ஸைக் காலி செய்வது காரின் உடல் தகடுதான்.

ஃபியாட்டின் பொறியாளர் டான்டே ஜியகோசா இந்தக் காரை வடிவமைத்தபோது நோக்கம், சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய கார். 1957-இல் டூரினில் வெளிவந்தது. நீளம் 3 மீட்டருக்கும் குறைவு, எடை சுமார் 500 கிலோ, 479 சிசி எஞ்சின், 13 குதிரைத்திறன். எடையைக் குறைக்க வேண்டும் என்பதால் காரைத் தாங்கும் தனிச் சட்டம் (சேஸி) வைக்கவில்லை. தரைத் தகடும், கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியும், முன்பின் தடுப்புகளும் ஒன்றாகச் சேர்ந்துதான் காரைத் தாங்குகின்றன. அங்கே துரு பிடித்தால் போவது அழகு மட்டுமல்ல, காரின் முதுகெலும்பே. இந்தப் பழைய மாடலின் உற்பத்தி 1975-இல் நின்றுவிட்டது. ஆகவே மிக இளைய காருக்கே அரை நூற்றாண்டு வயதாகிவிட்டது.

பார்க்கப் போகும்போது மெல்லிய துணியில் சுற்றிய ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துச் செல்லுங்கள். கதவின் அடிப்பகுதி, சக்கர வளைவு, சில், முன்முகத் தகடு என்று மெதுவாக நகர்த்துங்கள். ஓரிடத்தில் கப்பென்று பிடித்து, ஒரு சாண் தள்ளி வழுக்கி விழுந்தால் அங்கே தகடு இல்லை, பெயிண்டுக்கு அடியில் ஓட்டையை அடைத்த பட்டிதான் (புட்டி) இருக்கிறது. அப்புறம் உள்ளே தரையில் விரித்த மிதியடியைத் தூக்கி, அடியில் உள்ள தகட்டைப் பாருங்கள். முன் பானெட்டைத் திறந்து பேட்டரிக்குக் கீழே கை விட்டுப் பாருங்கள். அமிலம் கசிந்து அரித்திருக்கும் இடம் அது. முன் சஸ்பென்ஷனில் குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங்தான் உண்டு. அது உடலோடு சேரும் இடத்தை டார்ச் அடித்துப் பார்க்காமல் திரும்பக் கூடாது. அடியில் எல்லாம் புதிதாகக் கருப்புப் பூச்சு பளபளத்தால் எனக்குச் சந்தேகம் கூடத்தான் செய்யும். நேர்மையாக வேலை செய்தவர் பூசுவதற்கு முன் போட்டோ எடுத்து வைத்திருப்பார், கேளுங்கள்.

நான் தவறாமல் செய்யும் இன்னொரு சோதனை இது. மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, ஒரு பக்கத்து ஜாக் பாயிண்ட்டில் காரைக் கொஞ்சம் உயர்த்துவேன். பிறகு அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடிப் பார்ப்பேன். முன்பு சுலபமாக மூடிய கதவு இப்போது தட்டினாலோ, கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மாறினாலோ உடல் வளைகிறது என்று அர்த்தம். ஜாக் வைத்த இடமே உள்ளே அமுங்கினால் பேச்சு அங்கேயே முடிந்தது. விற்பவர் இந்தச் சோதனைக்குச் சம்மதிக்கவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

சரி, தகடு நன்றாக இருக்கிறது. அந்தக் கார் தன்னைப் பற்றிச் சொல்வது உண்மையா? 1965 வரை வந்த டி மாடலில் கதவுகளுக்குக் கீல் பின்பக்கம்; எஃப் மாடலிலிருந்து முன்பக்கம். 1968-இல் வந்த எல் மாடலில் பம்பருக்கு மேல் கூடுதல் குழாய் வளையமும், உள்ளே பெட்ரோல் முள்ளும் உண்டு. எஃப் மாடலில் பெட்ரோல் குறைந்தால் ஒரு விளக்கு எரியும், அவ்வளவுதான். கடைசியில் வந்த ஆர் மாடலுக்கு 594 சிசி எஞ்சின். பல கார்களில் அசல் எஞ்சினை எடுத்துவிட்டு அடுத்து வந்த ஃபியாட் 126-இன் எஞ்சினைப் போட்டிருப்பார்கள். ஓட்டுவதற்கு அது நல்ல மாற்றம்தான், ஆனால் அசல் காரின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது. ஃபியாட் கார்களை வேகமாக ஓடும்படி மாற்றிய அபார்த் நிறுவனத்தின் சின்னம் ஒட்டிய காரென்றால் இன்னும் கவனம் தேவை. சின்னம் ஒட்டுவதற்குப் பத்து நிமிடம் போதும். உடலில் பொறித்த சேஸி எண்ணும் பதிவுப் புத்தகத்தில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும்.

இனி உயிர் சம்பந்தப்பட்டவை. பெட்ரோல் டேங்க் முன் பானெட்டுக்குள், உங்கள் காலுக்கு முன்னால் இருக்கிறது. எஞ்சினோ பின்னால். நடுவில் பெட்ரோல் குழாய் காரின் முழு நீளத்துக்கும் ஓடுகிறது. எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் குழாய்கள் கெட்டுப்போகும். குழாய் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் வாங்கிய முதல் வாரமே மாற்றிவிடுங்கள். கைக்கு எட்டும் இடத்தில் ஒரு தீயணைப்பான் வைத்துக்கொள்ளுங்கள். பிரேக் நான்கு சக்கரத்துக்கும் டிரம், ஒரே சர்க்யூட், அதாவது நான்குக்கும் பிரேக் ஆயில் ஒரே வழியாகத்தான் போகிறது. ஒரு வீல் சிலிண்டர் கசிந்தால் நான்குமே போய்விடும், கையில் மிஞ்சுவது ஹேண்ட் பிரேக்தான். இதை நான் ஒருபோதும் 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' பட்டியலில் விடமாட்டேன்.

ஹீட்டர் விஷயம் பலருக்குத் தெரியாது. எஞ்சினைக் குளிர்வித்துச் சூடேறிய காற்றைத்தான் இந்தக் கார் உள்ளே அனுப்புகிறது. சிலிண்டர் ஹெட் கேஸ்கட் கசிந்தால் புகைவாயு அந்தக் காற்றோடு சேர்ந்து உள்ளே வரலாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. எண்ணெய் கருகும் நெடியோ, தலைவலியோ வந்தால் ஹீட்டரை மூடி, கண்ணாடியை இறக்கி, வண்டியை நிறுத்துங்கள்.

பேட்டரி சார்ஜ் ஆகவில்லை என்று காட்டும் சிவப்பு விளக்கையும் அலட்சியம் செய்யாதீர்கள். வேறு சில கார்கள் என்றால் பேட்டரி இருக்கிற வரை ஓட்டி வீடு சேரலாம். இதில் குளிர்விக்கும் விசிறி டைனமோ தண்டிலேயே இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே பெல்ட். விளக்கு எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கலாம். அப்படியானால் எஞ்சினுக்குக் காற்று போகவில்லை. வெப்பத்தைக் காட்டும் முள்ளும் இல்லை. அந்த விளக்குதான் ஒரே எச்சரிக்கை. ஒரு பெல்ட்டும் அதை மாற்றத் தேவையான ஸ்பேனரும் காரிலேயே கிடக்கட்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் இதைவிட ஜாலியான கார் வேறில்லை என்பது என் எண்ணம். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகாது. இரண்டு சீட்டுக்கும் நடுவே தரையில் இரண்டு சின்ன லீவர்கள்: ஒன்று குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவும் சோக், இன்னொன்று ஸ்டார்ட்டர். கியர்பாக்ஸில் சின்க்ரோ, அதாவது கியர்களின் வேகத்தைத் தானே ஒன்றாக்கும் அமைப்பு, கிடையாது. கீழ் கியருக்கு வரும்போது கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள். காலை எடுத்து ஆக்ஸிலேட்டரை லேசாக ஒரு தட்டுத் தட்டுங்கள். மறுபடி கிளட்ச், கியர். முதலில் கறகறவென்று சத்தம் வரும், வெட்கப்பட வேண்டாம். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கியர் எப்போது விழும் என்று கைக்குத் தெரிந்துவிட்டால், அப்புறம் நவீன காரின் கியர் சப்பென்று இருக்கும்.

அதிகபட்ச வேகம் பெரும்பாலான மாடல்களில் மணிக்கு 85 முதல் 100 கிலோமீட்டர். அந்த வேகத்தில் நெடுஞ்சாலையில் லாரிகளோடு போட்டி போடுவது அறிவல்ல. வளைந்து நெளிந்த கிராமத்துச் சாலையில் 50, 60-இல் போனால் இதன் அருமை தெரியும். இத்தாலியின் லிகூரியாவில் கார்லெண்டா என்ற சிற்றூரில் கோடையில் இந்தக் கார்களின் பெரிய கூடுகை நடக்கிறது. தொலைதூர நாடுகளிலிருந்தும் இந்தக் குட்டிக் காரிலேயே ஓட்டிக்கொண்டு வருகிறார்கள்.

பராமரிப்பு எளிது, ஆனால் அடிக்கடி வேண்டும். எஞ்சினில் காகித ஆயில் ஃபில்டர் இல்லை, கிராங்க் புல்லியிலேயே சுழன்று அழுக்கைப் பிரிக்கும் அமைப்புதான். அதனால் ஆயிலைச் சீக்கிரமே மாற்றுங்கள். முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னுக்கு கிரீஸ் அடிக்க மறந்தால் ஸ்டியரிங் இறுகும், அப்புறம் முன்சக்கரம் ஆடத் தொடங்கும். ஓட்டாமல் மாதக்கணக்கில் மூடி வைத்தால் பிரேக் சிலிண்டர் இறுகி, கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை எஞ்சின் நன்றாகச் சூடாகும் அளவுக்கு ஓட்டினால் போதும். மழையில் நனைந்த துணிக் கூரையை மட்டும் ஈரத்தோடு மடித்து வைக்காதீர்கள். மடிப்புக் கோட்டில்தான் அது முதலில் கிழியும்.