கீபோர்டின் காந்தாரம் ஏன் புளிக்கிறது?

களியக்காவிளைப் பக்கம் இருக்கும் என் அக்கா மகன் போன வாரம் ஒரு ஆடியோ அனுப்பியிருந்தான். அவர்கள் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து செண்டை மேளம் வரும், இந்தப் பக்கமிருந்து தவிலும் நாதஸ்வரமும் வரும். எலக்ட்ரானிக் இசை செய்கிறேன் என்று வீட்டு மாடியில் லேப்டாப்போடு குடியிருப்பவன், இந்த முறை நாதஸ்வரக்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் மோகன ராகம் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து, அதற்கடியில் சிந்தசைசரில் நீளமாக ஒலிக்கும் ஒரு பேட், பேஸ், கிக் எல்லாம் போட்டிருக்கிறான். கூடவே ஒரு கேள்வி: "மாமா, ரெண்டு கட்டைக்குச் சரியா டியூன் பண்ணியாச்சு, சுரமெல்லாம் சரிதான், ஆனா சேத்துப் போட்டா புளிக்கி. அவரு தப்பா வாசிக்காரா, நான் தப்பாப் போட்டிருக்கேனா?"

கேட்டுப் பார்த்தேன். புளிக்கத்தான் செய்தது, ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. சட்ஜத்தில் (ச) நிற்கும்போது ஒன்றுமில்லை, பஞ்சமத்திலும் (ப) ஒன்றுமில்லை. காந்தாரத்தை (க) நீட்டிப் பிடிக்கிறார் பாருங்கள், அங்கேதான் தகரத்தை மணலில் தேய்ப்பது போல ஒரு அரிப்பு.

ஒலி என்றால் அதிர்வு, சுரம் என்றால் ஒரு அதிர்வெண், அதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். இரண்டு கட்டை என்பது கீபோர்டில் டி. நடு ஸ்தாயியில் அதன் அதிர்வெண் 293.66 ஹெர்ட்ஸ். (மத்தியான வெயிலில் நாதஸ்வரத்தின் சுருதி கொஞ்சம் ஏறிப்போய்விடும், காற்று பத்து டிகிரி சூடானால் ஏறக்குறைய 28 சென்ட் ஏறும். பையன் அதைக் கவனித்து மொத்தப் பதிவையும் கீழே இறக்கி சட்ஜத்தைப் பொருத்திவிட்டான், கெட்டிக்காரன். சென்ட் என்றதும் நம் ஊரில் நிலம்தான் நினைவுக்கு வரும், இது வேறு சென்ட்: கீபோர்டில் கறுப்புக் கட்டையையும் கணக்கில் சேர்த்து ஒரு கட்டைக்கும் ஒட்டிய அடுத்த கட்டைக்கும் உள்ள இடைவெளியை நூறாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு துண்டு.)

கீபோர்டில் இந்த சட்ஜத்துக்கான அந்தர காந்தாரம் (மோகனத்தில் வரும் காந்தாரம் இதுதான்) 369.99 ஹெர்ட்ஸ். நாதஸ்வரக்காரர் பிடித்தது 367-க்குப் பக்கத்தில். வித்தியாசம் வெறும் 3 ஹெர்ட்ஸ், 14 சென்ட்கூட முழுசாக இல்லை. இதுவா இந்தப் பாடு படுத்துகிறது?

இதுதான். அதிர்வெண் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும் இரண்டு ஒலிகள் சேர்ந்தால் ஒரு கணம் ஒன்றையொன்று தூக்கிவிடும், அடுத்த கணம் ஒன்றையொன்று அமுக்கிவிடும். பிளஸ் ஒன் இயற்பியலில் விம்மல் என்று படித்திருப்பீர்கள். ஒரு நொடிக்கு எத்தனை விம்மல் என்றால் இரண்டு அதிர்வெண்ணுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவோ அத்தனை, ஆகவே இங்கே மூன்று. நொடிக்கு மூன்று விம்மல் காதுக்குத் தொந்தரவே இல்லை, ஊஞ்சல் மாதிரி சுகமாகக்கூட இருக்கும். பாடப்புத்தகம் இந்த இடத்தோடு நிறுத்திவிடும். ஆனால் நாதஸ்வரம் ஒற்றை அதிர்வெண்ணில் ஒலிக்கும் கருவி இல்லை. 367-ஐ ஊதினால் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று சீரிசைகள் ஒரு பட்டாளமாகக் கிளம்பும், அதுவும் சீவாளி வைத்த கருவியில் அவை பலமாகவே இருக்கும். பேடும் அப்படித்தான். அடிப்படையில் 3 ஹெர்ட்ஸ் விலகியிருந்தால் இரண்டாவது சீரிசையில் 6, மூன்றாவதில் 9, நான்காவதில் 12. ஒரே சுரத்துக்குள் நாலைந்து விம்மல், ஒவ்வொன்றும் ஒரு வேகத்தில். காது அவற்றைப் பிரித்து எண்ணாது, மொத்தமாகச் சேர்த்து 'புளிக்கிறது' என்று சொல்லிவிடும்.

பஞ்சமம் ஏன் புளிக்கவில்லை என்பதற்கும் இதே கணக்குதான். இரண்டு கட்டைக்குப் பஞ்சமம் கீபோர்டில் சரியாக 440. சட்ஜத்தின் மூன்று மடங்கு 880.99, பஞ்சமத்தின் இரண்டு மடங்கு 880. நொடிக்கு ஒரே ஒரு விம்மல், அதை யார் கவனிக்கப் போகிறார்கள்?

சரி, அவர் ஏன் 367-இல் போய் நின்றார்? நாதஸ்வரத்தின் துளை அவரை அங்கே நிறுத்தவில்லை, உதட்டையும் மூச்சையும் மாற்றி அதே துளையில் மேலேயும் கீழேயும் போகலாம். அவரை நிறுத்தியது பக்கத்தில் ஓடிய சுருதிப் பெட்டி, அதற்கும் முன்னால் வாழ்நாளெல்லாம் கேட்ட ஒத்தும் (சுருதியை விடாமல் ஊதும் துணைக்குழல்) தம்புராவும். நன்றாகச் சுருதி சேர்த்த தம்புராவை மீட்டிவிட்டுக் கண்ணை மூடிக் கேளுங்கள். அதில் காந்தாரத்துக்கு என்று கம்பியே கிடையாது, ஆனால் காந்தாரம் கேட்கும். சுயம்பு காந்தாரம் என்பார்கள். இரண்டு கட்டையில் மந்தர சட்ஜக் கம்பி 146.83 ஹெர்ட்ஸ், அதன் ஐந்தாவது சீரிசை 734, அதில் பாதி 367. ஒரு ஸ்தாயி தள்ளி அதே காந்தாரம். அவர் தன் காந்தாரத்தை அதன்மேல் கொண்டுபோய் உட்கார வைக்கிறார், விம்மல் அடங்கும்வரை உதட்டைத் திருத்துகிறார், அவ்வளவுதான். கணக்குப் போட்டுச் செய்வதில்லை, புளிப்பு போகிறதா என்று பார்த்துச் செய்கிறார். (கமகத்தில் அசைந்துகொண்டே இருக்கும் சுரத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, நீட்டிப் பிடிக்கும் சுரத்துக்குத்தான்.)

தம்புராவில் அந்த ஐந்தாவது சீரிசை ஏன் அவ்வளவு தூக்கலாகக் கேட்கிறது என்பது இன்னும் அழகான சங்கதி. கம்பிக்கும் அதைத் தாங்கும் குதிரைக்கும் நடுவில் ஒரு பருத்தி நூலைச் செருகி, இம்மி இம்மியாக நகர்த்திக்கொண்டே இருப்பார்கள், ஒரு இடத்தில் கம்பி சட்டென்று உயிர் வந்த மாதிரி ரீங்கரிக்கும். குதிரையின் மேல்பரப்பு தட்டையாக, லேசான வளைவோடு இருப்பதால் அதிரும் கம்பி ஒவ்வொரு முறையும் அதை உரசிவிட்டுப் போகிறது. கம்பியைச் சரியாக நடுவில் மீட்டினால் இரட்டைப்படை சீரிசைகள் வரக்கூடாது என்பது பள்ளிக்கூட விதி. தம்புரா அந்த விதியை மதிப்பதில்லை, வரக்கூடாதவையும் வந்துவிடும். சி. வி. ராமன் 1921-இல் இதை எழுதிவைத்தார். நூறு வருடம் ஆகிவிட்டது, நம் கல்லூரி ஆய்வகங்களில் இன்னும் சோனாமீட்டர் கம்பியில் காகிதத் துண்டைப் போட்டு அது துள்ளி விழுந்தால் மதிப்பெண் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். பக்கத்துத் தெருவில் ஊதுகிற நாதஸ்வரத்தை அளந்து பார்க்க ஒரு மைக் வாங்க நிதி கேட்டால் சிரிப்பார்கள். எனக்கு இதில் நிறைய வயிற்றெரிச்சல் உண்டு, விடுங்கள்.

கீபோர்டை ஏன் இப்படிச் செய்தார்கள்? எந்தக் கட்டையிலிருந்து தொடங்கினாலும் பாட்டு ஒரே மாதிரி வரவேண்டும் என்றால் பன்னிரண்டு இடைவெளியும் சமமாக இருக்க வேண்டும். சுத்தமான காந்தார இடைவெளி ஐந்துக்கு நான்கு என்ற விகிதம், அதை மூன்று முறை அடுக்கினால் மேல் சட்ஜத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே நிற்கும். அந்தக் குறையை எல்லாச் சுரத்துக்கும் பங்கு போட்டதில் காந்தாரத்தின் தலையில் அதிகமாக விழுந்தது. 1940-இல் ஆல் இந்தியா ரேடியோ ஆர்மோனியத்தையே தடை செய்ததற்கு இதுவும் ஒரு காரணம். தடை செய்தது எனக்கு உடன்பாடில்லை, காது சொன்னது சரிதான்.

பையனுக்கு மூன்று வழி எழுதினேன். சுலபமானது: பேடில் காந்தாரத்தையே எடுத்துவிடு, சட்ஜமும் பஞ்சமமும் போதும், காந்தாரத்தை நாதஸ்வரம் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது, ஃபில்டரை வைத்துப் பேடின் 600 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதை அமுக்கு, மேல் சீரிசைகளின் சண்டை குறைந்து அந்த ஊஞ்சல் விம்மல் மட்டும் மிஞ்சும். மூன்றாவது, காந்தாரத்தை மட்டும் கீழே இறக்கு. மிடியில் (கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்ளும் மொழி) சுரத்தை மேலே கீழே வளைக்கும் பிட்ச் பெண்ட் மொத்தம் 16,384 படி, வழக்கமான அமைப்பில் நடுவிலிருந்து 561 படி இறக்கினால் சுத்தமான அந்தர காந்தாரம் வந்துவிடும். ஆனால் பழைய மிடியில் பெண்ட் அந்தச் சேனலில் ஒலிக்கும் எல்லாச் சுரத்தையும் இழுத்துக்கொண்டு போகும், அதனால் காந்தாரத்துக்குத் தனிச் சேனல் கொடுக்க வேண்டும். ஆட்டோடியூன் பக்கம் மட்டும் போகாதே, அது அவருடைய நல்ல காந்தாரத்தைக் கீபோர்டின் கெட்ட காந்தாரத்துக்கு இழுத்துவிடும், கமகத்தையும் இஸ்திரி போட்டுவிடும்.

இதற்கு நடுவில் அவன் நண்பன் ஒருவன், எல்லாவற்றையும் 432 ஹெர்ட்ஸுக்கு மாற்றினால் சரியாகிவிடும், அதுதான் பிரபஞ்சத்தின் அதிர்வெண், 440 சதி என்று ஒரு வாட்ஸ்அப் வீடியோ அனுப்பியிருக்கிறான். 440 என்பது கீபோர்டின் ஏ சுரத்துக்கு (நம் கணக்கில் பஞ்சமம்) 1939-இல் லண்டனில் கூடிப் பேசி முடிவு செய்த எண். 432-க்கு மாற்றினால் கீபோர்டு மொத்தமும் கீழே இறங்கும், காந்தாரமும் அதே 14 சென்ட் புளிப்போடு கூடவே இறங்கும். தவிர, நொடி என்பதே மனிதன் வைத்த அளவு, பிரபஞ்சத்துக்கு அது எப்படித் தெரியும்? நம்மூர்ப் பாடகர்கள் தொண்டைக்குத் தகுந்தபடி ஒரு கட்டை, ஐந்தரைக் கட்டை என்று வைத்துக்கொண்டுதானே பாடுகிறார்கள்!

நேற்று மாற்றிய ஆடியோ வந்தது. முதல் வழியையும் இரண்டாவதையும் சேர்த்துச் செய்திருக்கிறான், புளிப்பு போயே போச்சு. நாதஸ்வரக்காரருக்கும் போட்டுக் காட்டினானாம். அவர் போனைக் காதில் வைத்து முழுசாகக் கேட்டுவிட்டு, "சுதி நல்லா சேந்திருக்கு தம்பி, இந்தத் தாளம் யாரு போட்டது, மூச்சு விடவே எடமில்லையே" என்றாராம்.