கொலைப் படத்தில் வரும் வீடியோவும் கோர்ட்டுக்கு வரும் வீடியோவும்

திரையில் கட்சித் தலைவர் வீடு என்று காட்டுவது பல நேரம் எங்கள் காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளின் முகப்பும் வளவும் (உள்முற்றமும்)தான். அதனாலோ என்னவோ, அரசியல் கொலைப் படம் வந்தால் இங்கே அதைச் சொந்த ஊர்ச் சங்கதி மாதிரி பேசுவார்கள். குற்றவியல் வழக்கு நடத்தும் என்னிடம் கேள்வியும் வரும். “வக்கீலய்யா, படத்துல வீடியோவப் போட்டதும் மந்திரி மாட்டிக்கிட்டாரு, நம்ம கேசு மட்டும் ஏன் இழுக்குது?”

வீடியோ இருந்தால் போதும் என்ற இந்த நம்பிக்கையில் பட விமர்சனங்களுக்கும் பங்கு உண்டு. விறுவிறுப்பு, திருப்பம், பின்னணி இசை என்று எழுதுகிறவர்கள், குற்றம் எப்படி நிரூபணமானது என்று பெரும்பாலும் கேட்பதில்லை.

அப்படிக் கேட்ட காலமும் உண்டு. 1991 டிசம்பரில் ஆலிவர் ஸ்டோனின் ‘ஜே.எஃப்.கே.’ வெளியானது. 1963இல் டல்லஸில் அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டதைப் பற்றிய படம் அது. அந்தச் சம்பவத்தை ஜாப்ருடர் என்பவர் தன் 8 மி.மீ. கேமராவில் எடுத்திருந்தார், அரை நிமிடம்கூட ஓடாது. அந்த நிஜப் பதிவோடு, நடிகர்களை வைத்து எடுத்த காட்சிகளையும் ஸ்டோன் கலந்து ஓடவிட்டார். எது நடந்தது, எது ஊகம் என்று பார்ப்பவருக்குப் பிரித்தறிய வழியில்லை. அமெரிக்கத் திரை விமர்சகர் ரோஜர் ஈபர்ட் அந்த ஆண்டின் சிறந்த படம் என்றார். பத்திரிகையாளர்கள் பலர் இந்தக் கலப்பைத்தான் கடுமையாகச் சாடினார்கள். படத்தொகுப்புக்கு ஆஸ்கர் கிடைத்தது.

அந்தப் படம் கிளப்பிய கேள்விகளால்தான் 1992இல் கொலை ஆவணங்களை வெளியிட அமெரிக்காவில் தனிச் சட்டம் வந்தது. அது பெரிய நன்மை. ஆனால் படத்தில் சதிகாரராக வரும் நிஜ மனிதர், நியூ ஆர்லியன்ஸ் வணிகர் கிளே ஷாவை 1969இல் ஜூரி ஒரு மணி நேரத்துக்குள் குற்றமற்றவர் என்று விடுவித்துவிட்டது. படம் வந்தபோது பதில் சொல்ல அவர் உயிரோடு இல்லை. வக்கீலாக எனக்கு இதை ஏற்க முடியவில்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம். தேர்தல் நேரத்து வெட்டுக்குத்தை யாரோ செல்போனில் எடுக்கிறார். அது வாட்ஸ்அப்பில் பறக்கிறது. ஒருவர் முன்பகுதியை வெட்டுகிறார், இன்னொருவர் வட்டம் போடுகிறார். எடுத்தவரோ பயந்துபோய் ஒரிஜினலை அழித்துவிடுகிறார். என் மேசைக்கு வருவது பல கை மாறிய பிரதி. எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார்: “எடுத்தது யார்? அந்த போன் எங்கே?” அதோடு வழக்கு ஆட்டம் காணும்.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவின் நகலைத் தாக்கல் செய்யச் சான்றிதழ் வேண்டும். அதில் ஹாஷ் மதிப்பும் இருக்க வேண்டும். கோப்பிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் எண்ணும் எழுத்தும் கலந்த வரிசை அது. ஒரு நொடியை வெட்டினாலும் மாறிவிடும்.

ஆகவே கொலையோ அடிதடியோ உங்கள் போனில் பதிவாகியிருந்தால் வெட்டாதீர்கள், ஃபார்வர்ட் செய்யாதீர்கள், போனை மாற்றாதீர்கள். போலீஸ் போனைக் கைப்பற்றினால், கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு. போனின் ஐ.எம்.இ.ஐ. எண்ணோடு (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) கைப்பற்றிய பொருள்களின் பட்டியல் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், பயம். சாட்சிகளைப் பாதுகாக்கும் திட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் 2018லேயே ஒப்புதல் தந்துவிட்டது. மிரட்டல் இருந்தால், மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் பாதுகாப்புக் கேட்டு மனுக் கொடுக்கலாம். வீடியோவை அழிக்கும் முன் ஒரு வக்கீலிடம் இதைக் கேளுங்கள்.