எக்செலுக்குப் பைத்தான் கட்டளையிடுவது எப்படி?

குலசேகரம், திற்பரப்புப் பக்கம் ரப்பர் பால் எடுக்கும் கடையில் கணக்கு சின்னதுதான். 40 கிலோ பாலின் டி.ஆர்.சி. (பாலில் உள்ள உலர் ரப்பரின் அளவு) 32 சதவீதம் என்றால் உலர் ரப்பர் 12.8 கிலோ, அதை விலையால் பெருக்கினால் தொகை. பெருக்கலை எக்செல் பார்த்துக்கொள்ளும். நூறு பேருக்குத் தனித்தனி பில் எடுத்து பிடிஎஃப் ஆக்குவதுதான் கைவலி. அதைப் பைத்தான் என்ற நிரல் மொழியிடம் விடலாம்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பது 'காம்' (COM), ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் வேலை வாங்க உதவும் ஏற்பாடு. 1993-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. பைத்தானுக்கு காமைப் பயன்படுத்தத் தரும் பைவின்32 தொகுப்பை நிறுவி, அதன் 'டிஸ்பேட்ச்' கட்டளையால் 'எக்செல்.அப்ளிகேஷன்' வேண்டும் என்று கேட்டால், காம் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் இடம்) அந்தப் பெயருக்குரிய 128 பிட் அடையாள எண்ணைப் பிடிக்கும். அதன் கீழே எக்செல் எங்கே இருக்கிறது என்று எழுதியிருக்கும். எக்செல் திரைக்கு வராமலே ஓடத் தொடங்கும். பிறகு ஒவ்வொரு கட்டளையும் இரண்டு நடை: முதலில் 'ஒர்க்புக்ஸ்' (திறந்திருக்கும் கோப்புகள்) போன்ற பெயருக்கு எக்செலிடம் ஒரு எண் வாங்க வேண்டும், பிறகு அந்த எண்ணைச் சொல்லி வேலை வாங்க வேண்டும். பெயரில் உள்ள எழுத்துப்பிழை நிரல் ஓடும்போது மட்டுமே தெரிவது இதனால்தான்.

பைத்தானும் எக்செலும் தனித்தனி நிரல்கள். ஒரு செல்லைத் தொட்டாலும் தகவல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்த் திரும்ப வேண்டும். 500 வரி, 6 பத்தி என்றால் செல் செல்லாக எழுத 3,000 பயணம். மொத்தத்தையும் ஒரே ரேஞ்சின் (செல்களின் தொகுதி) 'வேல்யூ'வில் (மதிப்பு) போட்டால் ஒரே பயணம். வேகத்துக்கு இதைவிடப் பெரிய வழி இல்லை.

'டிஸ்பேட்ச்' ஏற்கெனவே திறந்திருக்கும் எக்செலையே பிடித்துக்கொள்ளக்கூடும். கடைசியில் எக்செலை மூடும் 'க்விட்' சொன்னால் கடைக்காரர் வைத்திருந்த கணக்கும் சேர்ந்து மூடும். 'டிஸ்பேட்ச்எக்ஸ்' எப்போதும் புதிதாக ஒன்றைத் திறக்கும், அதையே பயன்படுத்துங்கள். கோப்புக்கு டிரைவ் எழுத்திலிருந்து முழுப் பாதை கொடுங்கள். பெயரை மட்டும் கொடுத்தால் எக்செல் தன் இயல்பான ஃபோல்டரில் தேடும். திரையில் தெரியும்படி ஓடும்போது யாராவது செல்லில் தட்டச்சு செய்துகொண்டிருந்தால் -2147418111 என்ற பிழை வரும். சில நொடி பொறுத்து மறுபடி அழைத்தால் போதும்.

அதிகம் படுத்துவது, மூடச் சொன்னாலும் சாகாத எக்செல். 'சேமிக்கவா?' என்ற கேள்வி மறைந்த திரையில் பதிலுக்குக் காத்திருக்க, நிரலும் அப்படியே நிற்கும். இப்படிப்பட்ட கேள்விகளைக் காட்டும் 'டிஸ்ப்ளேஅலர்ட்ஸ்' அமைப்பு முன்பே நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். மூடும் வரிகளைப் பைத்தானின் 'ஃபைனலி' பகுதியில் வையுங்கள், நடுவில் பிழை வந்தாலும் அவை ஓடும். மூடிய பிறகும் டாஸ்க் மேனேஜரில் எக்செல் தெரிந்தால், ஏதோ ஒரு மாறி இன்னும் ஒரு ஷீட்டையோ ரேஞ்சையோ பிடித்திருக்கிறது.