அயர்லாந்தின் புனைகதை லாரியேட்: பதவி எழுத்தாளருக்கு, பலன் யாருக்கு?

'லாரியேட்' என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருபவர் பிரிட்டனின் அரசவைக் கவிஞர்தான். அரச குடும்பத்தில் திருமணமோ முடிசூட்டு விழாவோ வந்தால் அவரிடமிருந்து ஒரு கவிதையை எதிர்பார்ப்பார்கள். 1668இல் ஜான் டிரைடன் காலத்திலிருந்து அங்கே அந்தப் பதவி இருந்துவருகிறது. அயர்லாந்து குடியரசு நாடு. பாடுவதற்கு மன்னரும் இல்லை, பாட வைக்க அவையும் இல்லை. ஆனாலும் 2015 முதல் அங்கே 'அயர்லாந்துப் புனைகதை லாரியேட்' என்ற தேசியப் பதவி இருக்கிறது. கவிஞருக்கு அல்ல, நாவலும் சிறுகதையும் எழுதுபவருக்கு.

இந்தப் பதவியை ஏற்படுத்தியது அயர்லாந்தின் கலை மன்றம். 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தொடங்கப்பட்ட அமைப்பு அது. டப்ளினின் மெரியன் சதுக்கத்தில் அதன் அலுவலகம் இருக்கிறது. பணம் அரசுக் கருவூலத்திலிருந்து வருகிறது. யாருக்கு நிதி தருவது என்பதை மன்றமே முடிவு செய்கிறது. லாரியேட்டின் பெயரைப் பிரதமரோ குடியரசுத் தலைவரோ மேடையில் அறிவிக்கலாம். தேர்வு அவர்களுடையது அல்ல. பெயர்களைப் பரிந்துரைக்க வாசகர்களுக்கும் வாய்ப்பு உண்டு. வந்த பரிந்துரைகளை ஒரு தேர்வுக் குழு பரிசீலித்து முடிவெடுக்கும். இது வளரும் எழுத்தாளருக்கான ஊக்கத்தொகை அல்ல. ஏற்கெனவே பெயர் பெற்று, கனமான நூல் வரிசை ஒன்றைக் கையில் வைத்திருப்பவருக்கே இந்த இடம் கிடைக்கும்.

பதவிக் காலம் மூன்று ஆண்டுகள். திட்டம் தொடங்கியபோது மூன்று ஆண்டுகளுக்குமாகச் சேர்த்து 1,50,000 யூரோ, அதாவது ஆண்டுக்கு 50,000 யூரோ என்று வைத்தார்கள். டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியும் நியூயார்க் பல்கலைக்கழகமும் 'தி ஐரிஷ் டைம்ஸ்' நாளிதழும் அப்போது பங்காளிகளாகச் சேர்ந்தன.

தொகையைப் பார்த்துவிட்டு இதைப் பரிசு என்று எண்ணிவிடக் கூடாது. பரிசு முடிந்துபோன ஒரு நூலுக்குத் தரப்படுவது; வாங்கியவர் மறுநாள் வீட்டுக்குப் போய்விடலாம். இங்கே பணம் வரப்போகும் மூன்று ஆண்டு உழைப்புக்கு. மன்றம் சொல்லும் நோக்கங்கள் நான்கு: மூத்த புனைகதையாளர் ஒருவரைக் கௌரவிப்பது, புதிய தலைமுறை எழுத்தாளர்களை ஊக்குவிப்பது, அயர்லாந்து இலக்கியத்தை உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் கொண்டுசெல்வது, பொதுமக்களை நல்ல புனைகதையின் பக்கம் திருப்புவது. நடைமுறையில் ஆண்டுதோறும் ஒரு பெரிய பொது உரை, பல்கலைக்கழகத்தில் எழுத்துப் பயிற்சி வகுப்புகள், ஊர் ஊராக வாசகர் சந்திப்புகள் என்று இது அமைந்தது. விழாவுக்கு வாழ்த்து எழுதித் தர வேண்டும், அரசின் திட்டங்களைப் புகழ வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை.

அந்தச் சுதந்திரம் ஏட்டளவில் மட்டும் இருக்கிறதா என்று சந்தேகிப்பவர்களுக்கு முதல் லாரியேட்டின் முதல் ஆண்டே போதும். 2015இல் பதவியேற்ற ஆன் என்ரைட், 2007இல் புக்கர் பரிசு பெற்ற நாவலாசிரியர். அந்த ஆண்டு செப்டம்பரில் அயர்லாந்து அரசு, 1916இல் பிரிட்டிஷாரால் சுட்டுக்கொல்லப்பட்ட தாமஸ் கென்ட் என்ற போராளியின் எலும்புகளைக் கார்க் சிறை வளாகத்திலிருந்து தோண்டி எடுத்து, முழு அரசு மரியாதையுடன் மறு அடக்கம் செய்தது. என்ரைட் தம் உரையில் அதை எடுத்துக்கொண்டு, உடனே கால்வே மாவட்டத்தின் ட்யூம் என்ற சிற்றூரின் பக்கம் திரும்பினார். அங்கே கன்னியாஸ்திரீகள் நடத்திய தாய்சேய் இல்லத்தில், மணமாகாமல் கருவுற்ற பெண்களையும் அவர்களுடைய குழந்தைகளையும் வைத்திருந்தார்கள். உள்ளூர் வரலாற்று ஆர்வலர் கேத்தரின் கார்லஸ், அந்த இல்லத்தில் இறந்த குழந்தைகளின் இறப்புச் சான்றிதழ்களைத் தம் கைக்காசைச் செலவழித்து ஒவ்வொன்றாகப் பதிவு அலுவலகத்திலிருந்து வாங்கினார். மொத்தம் 796. அவர்களுக்கு முறையான அடக்கப் பதிவே கிடைக்கவில்லை.

சகோதரனை அடக்கம் செய்யக்கூடாது என்று மன்னன் தடைவிதிக்க, அதை மீறிய கிரேக்கப் பெண் ஆன்டிகனியின் கதையை என்ரைட் இதன் அருகே வைத்தார். நாடு யாருடைய எலும்பைக் கொண்டாடுகிறது, யாருடைய எலும்பை மறக்கிறது என்ற கேள்வியை, அரசு நிதியில் நடக்கும் ஒரு பதவியில் இருந்துகொண்டே கேட்டார். அரசு விசாரணை ஆணையம் ட்யூம் இல்லம் இருந்த இடத்தில் மனித எச்சங்கள் இருப்பதை 2017 மார்ச்சில் உறுதிப்படுத்தியது. முழு அளவிலான அகழ்வு தொடங்க 2025 ஜூலை ஆகிவிட்டது. ஓர் உரையால்தான் இதெல்லாம் நடந்தது என்று சொல்ல மாட்டேன். பெரும்பங்கு கார்லஸுக்கும் அந்த இல்லத்திலிருந்து தப்பிப் பிழைத்தவர்களுக்கும் உரியது. ஆனால் லாரியேட் என்பவர் எதைப் பேசலாம் என்பதன் எல்லை அன்றே விரிந்துவிட்டது.

பின்னர் நிகழ்த்திய இன்னோர் உரையில் அவர் தம் சொந்தத் துறையையே கணக்குப் பார்த்தார். செய்தித்தாள்களின் புத்தக மதிப்புரைகளில் ஆண்களின் நூல்களுக்கு எவ்வளவு இடம், பெண்களின் நூல்களுக்கு எவ்வளவு, யார் யாரை மதிப்புரைக்கிறார்கள் என்று எண்ணிக் காட்டினார். இலக்கிய உலகில் பலர் நெளிந்திருப்பார்கள்.

இந்தத் திட்டத்தை நடத்தும் நாடு ஒரு காலத்தில் நாவல்களைத் தடைசெய்வதில் பேர்போனது என்பதையும் மறந்துவிட முடியாது. 1929ஆம் ஆண்டின் வெளியீட்டுத் தணிக்கைச் சட்டம் பல பத்தாண்டுகள் எழுத்தாளர்களை வாட்டியது. 1960இல் எட்னா ஓ'பிரையனின் முதல் நாவல் தடைசெய்யப்பட்டது. 1965இல் ஜான் மெக்காஹர்னின் நாவலும் அப்படியே ஆனது. டப்ளினில் பள்ளி ஆசிரியராக இருந்த அவருக்கு அத்தோடு வேலையும் போயிற்று. 1967இல் சட்டம் தளர்ந்த பிறகுதான் பழைய தடைகள் கூட்டமாக விலகின. அரை நூற்றாண்டுக்குள் அதே அரசின் பணத்தில் புனைகதைக்கு என்று ஒரு பதவி வந்துவிட்டது.

இரண்டாவது லாரியேட் செபாஸ்டியன் பேரி, 2018 முதல் 2021 வரை. கொரோனா ஊரடங்கு நடுவில் வந்து இவருடைய பயணத் திட்டங்களைக் கலைத்துப்போட்டது. மூன்று உரைகளை நூலாக்கினார். அவை பெரும்பாலும் தம் வாழ்வில் குறுக்கிட்ட மனிதர்களைப் பற்றியவை. மூன்றாமவர் கோல்ம் டோபீன், 2022 முதல் 2024 வரை. வெக்ஸ்ஃபோர்ட் மாவட்டத்து என்னிஸ்கார்த்தியில் பிறந்தவர், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். பதவி வந்தால் எழுத்து நின்றுபோகும் என்று சிலர் அஞ்சுவதுண்டு. பேரியும் டோபீனும் பதவிக் காலத்திலேயே ஆளுக்கொரு புதிய நாவலை வெளியிட்டுவிட்டார்கள்.

நான்காவதாக 2025இல் பொறுப்புக்கு வந்திருப்பவர் எய்லீஷ் நீ கிவ்னே. 1954இல் டப்ளினில் பிறந்தவர், நாட்டார் வழக்காற்றியல் அறிஞர், தேசிய நூலகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். ஆங்கிலம், ஐரிஷ் இரண்டிலும் புனைகதை எழுதுகிறார். ஐரிஷ் மொழிதான் அரசமைப்புச் சட்டப்படி அந்நாட்டின் முதல் ஆட்சிமொழி. அன்றாடம் அதைப் பேசுவோர் மிகச் சிலர். முதல் மூன்று லாரியேட்டுகளும் ஆங்கிலத்தில் எழுதியவர்கள். ஆகவே இந்தத் தேர்வு தாமதமாக வந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

குழம்பக்கூடிய வேறு பதவிகளும் உண்டு

சிறார் எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் 'லாரியேட் ந நோக்' என்ற பதவி 2010 முதல் தனியாக இருக்கிறது. கவிதைக்கு 'அயர்லாந்துக் கவிதைப் பேராசிரியர்' பதவி. கவிஞர் ஷேமஸ் ஹீனிக்கு 1995இல் நோபல் பரிசு கிடைத்ததைக் கொண்டாடும் வகையில் 1998இல் உருவானது. அதில் அமர்பவர் பெல்ஃபாஸ்டின் குயின்ஸ், டப்ளினின் டிரினிட்டி, டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரி மூன்றோடும் இணைந்து பணியாற்றுவார். அயர்லாந்து குடியரசு, பிரிட்டனோடு இருக்கும் வட அயர்லாந்து என எல்லையின் இரு புறத்துக் கலை மன்றங்களும் அதில் பங்கு வகிக்கின்றன. செய்திகளில் இந்த மூன்று பதவிகளும் அடிக்கடி ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

மற்ற எழுத்தாளர்களுக்கு என்ன வழி?

ஒரு நேரத்தில் ஒருவர்தான் லாரியேட். ஏனைய எழுத்தாளர்களின் வயிற்றுப்பாட்டுக்கு அந்தப் பதவியால் ஒன்றும் ஆவதில்லை. அவர்களுக்கு உதவுபவை வேறு திட்டங்கள். அவற்றையும் பார்த்தால்தான் லாரியேட் பதவியின் உண்மையான அளவு புலப்படும்.

முதலாவது கலைஞர் வரிவிலக்கு. சார்லஸ் ஹாகி நிதியமைச்சராக இருந்தபோது 1969இல் வந்தது. சொந்தப் படைப்பாகவும் கலைத் தகுதி உடையதாகவும் வருவாய்த் துறை ஏற்றுக்கொண்ட நூல், நாடகம், இசையமைப்பு, ஓவியம், சிற்பம் ஆகியவற்றிலிருந்து வரும் வருமானத்துக்கு இப்போது ஆண்டுக்கு 50,000 யூரோ வரை வருமான வரி இல்லை. சமூகக் காப்பீட்டுக் கட்டணம் போன்ற பிற பிடித்தங்கள் தொடரும். பெரும்பாலான எழுத்தாளர்களின் நூல் வருமானம் இந்த வரம்பின் பக்கம்கூடப் போவதில்லை என்பது வேறு விஷயம்.

இரண்டாவது ஏஸ்டானா. 1981இல் தொடங்கிய கலைஞர் அவை; அதிகபட்சம் 250 உறுப்பினர்கள். விண்ணப்பித்துச் சேர முடியாது, ஏற்கெனவே உள்ள உறுப்பினர்கள் முன்மொழிந்து தேர்ந்தெடுக்க வேண்டும். வருமானம் குறைவான உறுப்பினர்களுக்கு 'க்னூஅஸ்' என்ற ஆண்டு உதவித்தொகை, சுமார் 20,000 யூரோ கிடைக்கும்.

மூன்றாவது, இவற்றில் மிகத் துணிச்சலானது: கலைஞர்களுக்கான அடிப்படை வருமானம். 2022இல் சோதனை முயற்சியாக 2,000 பேருக்கு வாரம் 325 யூரோ கொடுக்கத் தொடங்கினார்கள். தகுதியான விண்ணப்பங்கள் 8,000க்கும் மேல் வந்தன. தரம் பார்க்காமல், பெயர் பார்க்காமல், குலுக்கல் முறையில் ஆட்களை எடுத்தார்கள். 'நல்ல எழுத்தாளர் யார்' என்ற சிக்கலான கேள்வியை அது தொடவே இல்லை. 2025 அக்டோபர் பட்ஜெட்டில் இதை நிரந்தரமாக்கும் முடிவு அறிவிக்கப்பட்டது. லாரியேட் பதவிக்கு ஒதுக்கிய தொகையால் இந்தத் திட்டத்தில் மூன்று ஆண்டுகளுக்கு மூன்று பேரைத்தான் தாங்க முடியும். ஆகவே அந்தப் பணத்தைச் சிறுசிறு உதவியாகப் பிரித்துக் கொடுக்கலாமே என்ற வாதத்தில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை.

நியாயமான குறை ஒன்று உண்டு. புகழ் உள்ள இடத்துக்கே மேலும் புகழ் போகிறது. கூட்டம் சேர்க்க அறிந்த பெயர் வேண்டும் என்பது மன்றத்தின் தரப்பாக இருக்கலாம், அது சரிதான். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு பிறருடைய நூல்களுக்கு வெளிச்சம் தந்தால்தான் கணக்கு நேராகும்.

டோபீன் செய்தது அதைத்தான். பொது நூலகங்களோடு சேர்ந்து 'வாசிப்புக் கலை' என்ற மாதாந்தரப் புத்தகக் குழுவை நடத்தினார். மாதம் ஓர் அயர்லாந்து எழுத்தாளரின் நூல். அவரோடு டோபீன் உரையாடுவார், இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஊர் நூலகங்களின் வாசகர் குழுக்கள் அதே நூலைப் படித்தன. அயர்லாந்தில் பொது நூலக உறுப்பினர் அட்டை இலவசம். புத்தகத்தைத் தாமதமாகத் திருப்பிக் கொடுப்பதற்கான அபராதத்தை 2019 ஜனவரியில் நாடு முழுவதும் நீக்கிவிட்டார்கள். நூலக அட்டை இருந்தால் மின்னூலையும் ஒலிநூலையும் 'பாரோபாக்ஸ்' செயலி வழியாகக் கடன் வாங்கலாம். ஆகவே அங்கே வசிப்பவர், குடியேறி வந்தவர் உட்பட, ஒரு காசு செலவில்லாமல் இதில் பங்கெடுத்திருக்க முடியும்.

நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு உரைகள் இருக்கின்றன. என்ரைட், பேரி, டோபீன் மூவருடைய லாரியேட் உரைகளும் நூலாக வந்திருக்கின்றன. ஒன்றே ஒன்று படிக்க நேரம் இருக்கிறது என்றால், என்ரைட்டின் ட்யூம் உரையை எடுத்துக்கொள்ளுங்கள்.