ஆறாத துக்கத்துக்குச் சிகிச்சை எப்படி வேலை செய்கிறது?

நெருங்கியவர் ஒருவர் இறந்துவிட்டால் சாப்பாடு இறங்காது, தூக்கம் வராது, எங்கு பார்த்தாலும் அவர் ஞாபகம்தான். பெரும்பாலோருக்கு மாதங்கள் போகப் போக இது தானாகவே தணிந்துவிடும். அவர்களுக்குச் சிகிச்சை தேவையில்லை. ஆனால் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத் தணிவதில்லை. இரண்டு வருடம் கழித்தும் நேற்று நடந்த மாதிரியே இருக்கும். விபத்து, தற்கொலை, கொலை என்று உயிர் போயிருந்தால் அந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

இதற்கு நீடித்த துயரக் கோளாறு என்று பெயர். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இது இருக்கிறது. இறப்புக்குப் பிறகு துயரம் குறைந்தது 6 மாதம் நீடித்திருக்க வேண்டும் என்பது அங்கே வரையறை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடும் அதே ஆண்டு இதைச் சேர்த்தது. பெரியவர்களுக்கு 12 மாதம், குழந்தைகளுக்கு 6 மாதம். அழுவதைக்கூட நோயாக்கிவிட்டார்களே என்று பலர் கோபப்பட்டார்கள். அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனாலும் பெயர் வைத்தது நல்லது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் இது மனச்சோர்வு அல்ல. மனச்சோர்வில் எதன்மீதும் பிடிப்பு இருக்காது. இங்கே மனசு முழுக்க ஒரே ஒருவர்மீது ஏங்கிக் கிடக்கும்.

ஏன் இப்படி மாட்டிக்கொள்கிறது? கூடவே வாழ்ந்தவர் சாயங்காலம் வருவார், கூப்பிட்டால் பதில் சொல்வார் என்பதை மூளை பல வருடமாகப் பழகி வைத்திருக்கிறது. அவர் இல்லை என்பதையும் அது அப்படியே, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில்தான் தடை விழுகிறது. வலிக்கிறதே என்று அவருடைய அறைக்குள் போவதில்லை, ஆஸ்பத்திரி இருக்கும் தெரு வழியாகப் போவதில்லை. இல்லாவிட்டால், 'ஒரு மணி நேரம் முன்னால் கூட்டிப்போயிருந்தால் பிழைத்திருப்பாரோ' என்ற கேள்வியிலேயே மனம் சுற்றுகிறது. இரண்டிலும் கற்றல் நின்றுபோகிறது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவர் கேத்தரின் ஷியர் உருவாக்கிய சிகிச்சை இந்தத் தடையைத்தான் நேராகத் தொடுகிறது. சுமார் 16 அமர்வுகள். அதன் மையமான பயிற்சி கேட்கவே கடினமானது. கண்ணை மூடிக்கொண்டு, இறப்புச் செய்தி தெரிந்த அந்த நேரத்தைச் சொல்ல வேண்டும்: போன் வந்தது, யார் பேசினார்கள், அப்புறம் என்ன நடந்தது. நடுநடுவே, வேதனை இப்போது எவ்வளவு என்று சிகிச்சையாளர் கேட்பார். சொன்னது பதிவாகும், வீட்டில் அதைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். கேட்டு முடித்ததும் மனசுக்குப் பிடித்த ஏதாவது ஒன்றைச் செய்யவும் முன்கூட்டியே திட்டம் போட்டிருப்பார்கள். முதல் தடவை உடம்பே நடுங்கும். கேட்கக் கேட்க அந்த நினைவு பழையபடி ஆளைச் சாய்ப்பதில்லை. பிறகு, தவிர்த்து வந்த இடங்களுக்கு மெல்லப் போவது. இறந்தவரிடம் மனதுக்குள் பேசி, அவர் சார்பில் தானே பதில் சொல்வதும் உண்டு. குற்றவுணர்ச்சியோடு வாழ்பவர்களுக்கு அந்த உரையாடல் பெரிய ஆறுதல். கூடவே, இனி என்ன செய்ய ஆசை என்ற பேச்சும் முதலிலிருந்தே நடக்கும். அழுகைக்கும் அன்றாட வாழ்க்கைக்கும் இடையே மாறிமாறிப் போய்வருவதே இயல்பான துக்கம் என்று ஸ்ட்ரோபே, ஷுட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 1999இல் சொன்ன கருத்துதான் இதற்கு அடிப்படை.

பலன்? 2005இல் வெளியான ஆய்வில் இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 51 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். வேறொரு வழக்கமான உளவியல் சிகிச்சையில் 28 சதவீதம்தான். 2016இல் வெளியான ஆய்வில் இந்தச் சிகிச்சையோடு சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரையைச் சேர்த்துப் பார்த்தார்கள். மனச்சோர்வு குறைந்தது, துக்கத்தில் பெரிய வித்தியாசமில்லை.

ஆறிவிட்டால் அவரை மறந்துவிடுவேனோ என்று பயந்தே பலர் போவதில்லை. இதில் யாரும் மறக்கச் சொல்வதில்லை; இறந்த தருணத்தைத் தாண்டி அவருடைய நல்ல நினைவுகளையும் பேச வைப்பதே சிகிச்சையின் ஒரு பகுதி. முதல் சந்திப்பிலேயே, நீடித்த துயரத்துக்கான சிகிச்சையில் பயிற்சி உண்டா என்று கேளுங்கள். பொதுவான கவுன்சலிங் மட்டும் இதற்குப் போதாமல் போகலாம். 'நானும் போய்ச் சேர்ந்துவிட்டால் தேவலை' என்ற எண்ணம் வந்தால் மட்டும் 6 மாதம், 12 மாதம் என்ற கணக்கெல்லாம் வேண்டாம், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.